சீடாக்கில் பார்க்கிங் மட்டும்தானா?
அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள சீடாக் நகரத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையை ஹோட்டல், பார்க்கிங் என்றே எழுதி முடித்துவிட்டீர்களே! சியாட்டில், டகோமா என்ற இரண்டு நகரங்களின் பெயர்களை ஒட்டவைத்து விமான நிலையத்துக்கு வைத்த பெயரைத்தான், 1990-இல் நகரமானபோது ஊரும் எடுத்துக்கொண்டது. சரி, அது போகட்டும். மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்ற 2013 வாக்கெடுப்பை எப்படி விட்டீர்கள்? வெறும் 77 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது! விமான நிலையத்துக்குள் பெட்டி தூக்குபவர்களுக்கும் அது பொருந்துமா என்று வழக்கு நடந்து, 2015-இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் பொருந்தும் என்றது. அப்புறம், ஊருக்குள்ளேயே இருக்கும் ஆங்கிள் ஏரியையும் விட்டுவிட்டீர்கள். மரங்களுக்கு மேலே சக்கரத்தை இறக்கியபடி விமானம் உறுமிக்கொண்டு போகும். கரையில் மேயும் வாத்துகள் நிமிர்ந்துகூடப் பார்க்காது.