48 ஜிகாபிட்டில் முதல் பங்கு யாருக்கு?

2024 நவம்பர் 19 அன்று இண்டர்நெட் தருவதற்கான ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் அமெரிக்காவின் கேப் கனாவரலிலிருந்து கிளம்பியபோது, இஸ்ரோ போய் ஈலான் மஸ்க்கின் ராக்கெட்டில் ஏறலாமா என்றுதான் நம்மவர்கள் அதிகம் சண்டை போட்டார்கள். செயற்கைக்கோளின் எடை 4,700 கிலோ. அது போக வேண்டிய உயரமான பாதைக்கு நம் எல்விஎம்-3 ராக்கெட் தூக்குவது சுமார் 4,000 கிலோ. முன்பு கைகொடுத்த ஐரோப்பாவின் ஏரியான்-5 2023-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. அதனால் மஸ்க்கின் ஃபால்கன்-9. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மேலே போன பிறகு அது யாருக்குப் பயன்படப் போகிறது என்பதுதான் என் கவலை.

டிவி ஒளிபரப்பில் இந்தக் கவலையே கிடையாது. 2022 ஜூனில் ஏவிய ஜிசாட்-24 டிடிஎச்சுக்கானது, முழுவதையும் டாடா பிளே குத்தகைக்கு எடுத்தது. அதன் சிக்னலை ஒரு வீட்டு டிஷ் பிடித்தாலும் ஒரு கோடி டிஷ் பிடித்தாலும் செயற்கைக்கோளுக்கு ஒன்றுதான். பக்கத்து வீட்டில் கிரிக்கெட் ஓடுவதால் உங்கள் படம் மங்கிப்போகாது. 1975-ல் நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி போய்ச் சேர்ந்ததும் இந்த வசதியால்தான்.

இண்டர்நெட்டில் ஆளாளுக்கு வேறு வேறு வேண்டும், இருப்பதைப் பங்கு போட வேண்டும். ஜிசாட்-என்2-இன் மொத்தத் திறன் விநாடிக்கு 48 ஜிகாபிட். பத்து லட்சம் பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் தலைக்கு 48 கிலோபிட், அதாவது பழைய டயல்-அப் வேகம். இந்த அளவை எட்டவே நாட்டின் மீது, ஒவ்வொன்றும் ஒரு பகுதியை மட்டும் தொடும் 32 சிக்னல் கற்றைகளை விரித்து, ஒரே அலைவரிசையைத் தள்ளித் தள்ளியிருக்கும் கற்றைகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அதில் 8 குறுகிய கற்றைகள் வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும். இது பயன்படுத்தும் கா-பேண்ட் என்ற உயர் அலைவரிசை சிக்னல் மழையில் வலுவிழக்கும்; மேகாலயா மாதிரி கொட்டித் தீர்க்கும் இடத்தில் குறுகிய கற்றையின் கூடுதல் வலு நிச்சயம் உதவும். இப்படி யோசித்து வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் அதே செயற்கைக்கோளின் இன்னொரு முக்கியப் பயனாகச் சொல்லப்படுவது விமானத்தில் வைஃபை. டெல்லிக்குப் பறப்பவர் மூன்று மணி நேரம் மெயில் பார்க்காவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. அருணாசல மலையில் ஃபைபர் எட்டாத ஒரு சுகாதார நிலையம் எக்ஸ்ரே படத்தைக் குவாஹாட்டி டாக்டருக்கு அனுப்ப முடியாவிட்டால் நோயாளி மலை இறங்கித்தான் ஆக வேண்டும். 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்த் திரும்புவதால் பதில் வர அரை விநாடி தாமதமாகும். நகரத்தில் ஃபைபரில் கேம் ஆடுபவருக்கு அது எரிச்சல். எக்ஸ்ரேவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

சரி, இதைச் சொந்தம் வைத்திருக்கும் என்எஸ்ஐஎல், மத்திய விண்வெளித் துறையின் வணிக நிறுவனம்தானே, போட்ட காசை எடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எடுக்கட்டும். ஏவுவதற்கு முன்பே திறனின் பெரும்பகுதியைச் சேவை நிறுவனங்கள் பதிவு செய்துவிட்டன. நான் இலவசமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. கிராமப்புறத் தொடர்புக்கென்றே தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் வசூலிக்கும் பணம் டிஜிட்டல் பாரத் நிதியில் இருக்கிறது. அதிலிருந்து அரசு இந்தத் திறனை விலை கொடுத்து வாங்கி, கேபிள் போகாத பஞ்சாயத்துகளுக்கு முதலில் தரட்டும். மிஞ்சியது விமானத்துக்குப் போகட்டும். தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்களால் இண்டர்நெட் தரும் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒன்று: அங்கே தாமதம் குறையும், ஆனால் அதுவும் பங்கு போடும் சரக்குதான்.

அந்தமானைப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடி கேபிள் திறக்கப்படும் வரை அங்கே எல்லாமே செயற்கைக்கோளை நம்பித்தான். கேபிள் வந்ததும் அந்தப் பாரம் இறங்கியது. இப்படி ஓர் இடத்துக்குக் கேபிள் போகப் போக, அங்கே மிச்சமாகும் திறன் அடுத்த மலைக்கும் அடுத்த தீவுக்கும் நகர வேண்டும். ஜிசாட்-என்2-இன் ஆயுள் 14 ஆண்டு. எந்தக் கற்றையில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு போனது, விமானத்துக்கு எவ்வளவு போனது என்ற கணக்கை ஆண்டுதோறும் பொதுவில் வையுங்கள் என்று நாம் இப்போதே கேட்க வேண்டும்.