ஒரு கொலையால் மூடப்பட்டவை அல்ல
"1995-ல் ஜென்னி ஜோன்ஸ் ஷோவில் வந்த ஒருவர் கொல்லப்பட்டதும் அமெரிக்காவில் இந்தப் பகல் நேரச் சண்டை ஷோக்களை எல்லாம் இழுத்து மூடிவிட்டார்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். கொலை நடந்தது உண்மை, படப்பிடிப்பு முடிந்த மூன்றாம் நாள். மூடியது மட்டும் கட்டுக்கதை. அந்த எபிசோடைத்தான் நிறுத்தினார்கள், ஷோ 2003 வரை ஜாம் ஜாமென்று ஓடியது. ஷோ மீது போட்ட நஷ்டஈடு வழக்கில் 1999-ல் வந்த 2.5 கோடி டாலர் தீர்ப்பும் மேல்முறையீட்டில் அடிபட்டுப் போனது.

அதைவிட, இதே மாதிரி சண்டை ஷோ நடத்திய ஜெர்ரி ஸ்பிரிங்கருக்கு உச்சமே அந்தக் கொலைக்கு அப்புறம்தான்: மேடையில் நாற்காலி பறக்க, பாதுகாவலர்கள் ஓடிவந்து விலக்க, கூட்டம் "ஜெர்ரி! ஜெர்ரி!" என்று கத்த, 1998-ல் சில வாரங்கள் பிரபல டாக் ஷோ தொகுப்பாளர் ஓப்ராவையே ரேட்டிங்கில் முந்தினார். சின்சினாட்டி நகர மேயராக இருந்த மனுஷன், சொன்னால் நம்ப மாட்டார்கள்! அவர் ஷோ 2018 வரை ஓடியது, அதே ரகத்து மோரி ஷோ 2022 வரை.

தேய்ந்ததற்குக் காரணம் குற்ற உணர்ச்சி இல்லை. 1996-ல் டிவியிலேயே வழக்கு விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் ஜட்ஜ் ஜூடி ஷோ வந்ததும் பகல் நேரம் கோர்ட் ஷோக்கள் பக்கம் சாய்ந்தது, 2000-க்குப் பிறகு அதே சண்டையை ரியாலிட்டி ஷோக்கள் ராத்திரியிலேயே காட்டின. நீங்கள் சொல்வதுபோல் ஒரு மரணத்தோடு சட்டென்று நின்றது பிரிட்டனின் ஜெரமி கைல் ஷோ, அது 2019-ல். அதையும் தடை செய்தது அரசு இல்லை, அதை ஒளிபரப்பிய ஐடிவி சேனலே நிறுத்தியது.