வந்தவன் எல்லாம் ஒரே நேரத்தில் செத்து விழுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்ததை இந்தத் திரைப்படக் குழுவில் பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு அன்று ராத்திரியே செய்தி போயிருக்கும். 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (வேற்றுகிரகத்தார் பூமி மேல் படையெடுக்கிற, ஸ்பீல்பெர்க் எடுத்த 2005 படம்) முடிந்ததும் "கிளைமாக்ஸில் ஏமாற்றிவிட்டார்கள்" என்று நான் சொன்னது உண்மைதான். உடனே மதுரையிலிருந்து வந்திருந்த அண்ணன் மைக்கை வாங்கி, "தம்பி, மண்டபத்துல உக்காந்துக்கிட்டு ஸ்பீல்பெர்க்குக்கே கதை சொல்லித் தர்றீங்களே" என்றார். மண்டபம் என்றது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிற என் ஊரை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இப்போது நிதானமாகச் சொல்கிறேன். எதிரியை மலை மாதிரி காட்டிவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் பூமியின் கிருமி தாக்கி அவனாகவே செத்து விழுந்தான் என்று முடிக்கக் கூடாது. அவ்வளவுதான் என் பேச்சு. அந்தப் படத்தில் மகன் சண்டை நடக்கிற மேட்டுக்கு ஓடுகிறான், மேடே தீப்பிடித்து எரிகிறது. அப்பன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாஸ்டன் போய்ச் சேர்ந்தால், அவனுக்கு முன்னாலேயே மகன் அங்கே நிற்கிறான். தாத்தா, பாட்டி வாசலில். தெருவில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடையவில்லை. இதற்கா இரண்டு மணி நேரம் நகத்தைக் கடித்தோம்?

"கிருமியால் சாவது அறிவியல்பூர்வமானது, மூல நாவலில் ஹெச்.ஜி. வெல்ஸே 1898-இல் அப்படித்தான் எழுதினார்" என்று சொல்வீர்கள். எழுதினார். ஆனால் அவர் முதல் அத்தியாயத்திலேயே, டாஸ்மேனிய மக்களை ஐரோப்பியர்கள் பூண்டோடு அழித்ததாகச் சொல்லி, நாம் செய்ததைத்தானே செவ்வாய்க்காரன் செய்கிறான் என்று சொந்த நாட்டுக்காரர்களையே கேட்டவர். கடைசியிலும், உயிர் தப்பிய கதைசொல்லிக்கு லண்டன் தெருவில் நடக்கிறவர்களெல்லாம் பேய்களாகத் தெரிகிறார்கள். அந்த ஆறாத பகுதியை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் அறிவியலா?

'இன்டிபென்டன்ஸ் டே' (1996) இன்னும் மோசம். லேப்டாப்பிலிருந்து வைரஸ் ஏற்றித் தாய்க்கப்பலைக் கவிழ்க்கிறார்கள். நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறவன். ராமநாதபுரத்தில் டைப் அடித்த மனுவைப் பென்டிரைவில் கொண்டுவந்து என் கம்ப்யூட்டரில் திறந்தால், ஃபான்ட் இல்லாமல் தமிழ் முழுக்கக் கண்டபடி ஆங்கில எழுத்தாகக் கிடக்கிறது. நாற்பது கிலோமீட்டர் தாண்டி வந்த ஃபைல்! அங்கே வேற்றுகிரகத்துக் கப்பல் பூமியின் ஃபைலை மறுபேச்சில்லாமல் திறந்துகொள்கிறது. 'அவெஞ்சர்ஸ்' (2012) பற்றிப் பேசவே வேண்டாம்: மேலே கப்பல் வெடித்தது, கீழே படை மொத்தமும் பொத்துப் பொத்தென்று விழுந்தது.

'சைன்ஸ்' (2002) எடுத்த ஷியாமளன் மாஹேயில் பிறந்தவர் என்பதால் கொஞ்சம் மரியாதை வைத்திருந்தேன். அவர் படத்தில் தண்ணீர் பட்டாலே ஏலியன் செத்துவிடும். கிரகத்தில் முக்கால் பங்கு தண்ணீர், அங்கே ஒரு மழைக்கோட்டுகூட இல்லாமல் வந்து இறங்குகிறான். அவன் விவரமாக நம்ம மாவட்டத்துக்கு வந்திருக்கலாம். தண்ணியில்லாக் காடு என்றுதானே அதிகாரிகளை இங்கே மாற்றுகிறார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் இறங்கியிருந்தால் நூறு வயசு வாழ்ந்திருப்பான்.

"பொழுதுபோக்குப் படத்துக்கு எதுக்கு லாஜிக்?" நானும் பொழுதுபோக்கத்தான் போனேன், பொழுதுதான் போகவில்லை.

"அப்ப மனுசன் தோக்கணுமா? வேற எப்படித்தான் முடிக்கிறது?" இதற்கு மட்டும் பதில் சொல்லத் தோன்றுகிறது. என் அத்தை கடல்பாசி வளர்க்கிற குழுவில் இருக்கிறாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாசித் துண்டுகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி மூங்கில் மிதவையில் விடுவாள். நாற்பத்தைந்து நாளில் அறுவடை. கப்பாஃபைகஸ் என்று பெயர், நம்ம கடல் பாசியே இல்லை, பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. அதிலிருந்து எடுக்கிற கராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. அதே பாசி எங்கள் பக்கத்துக் குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் ஏறிப் படர்ந்து மூச்சை அடைக்கிறது. ஆள் விட்டுக் கையால் பிய்த்தெடுக்கிறார்கள். ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் திரும்ப முளைக்கிறது. (வெல்ஸ் நாவலிலும் செவ்வாயிலிருந்து வந்த சிவப்புச் செடி ஒன்று ஆற்றை அடைக்கும். அதுவும் நோய் வந்து தானாகவே செத்துவிடும். கொடுத்துவைத்தவர்கள்.)

அத்தை மகள் காலேஜ் படிப்பது அந்தப் பாசிக் காசில். பவளம் செத்தால் மீன் வராது, என் மாமாவுக்குத் தொழில் இல்லை. இதற்கு எந்தப் பட்டனை அமுக்குவது? அந்த வீட்டில் ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது இரண்டு பேரும் இதைப் பேசாமல் சாப்பிட்டு எழுந்திருப்பதைப் பார்த்தவன் நான். அப்படி ஒரு முடிவை எழுது என்கிறேன். இதைச் சொன்னால் நான் கதை சொல்லித் தருகிறவன் ஆகிவிடுகிறேன்.

அப்படி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். 'டிஸ்ட்ரிக்ட் 9' (2009): கப்பல் பழுதாகி ஜோகன்னஸ்பர்க்கில் நின்றுபோன ஏலியன்களை முகாம் போட்டு அடைத்துவைக்கிறார்கள். கடைசிவரை யாரும் ஜெயிப்பதில்லை. இலங்கை அகதி முகாம் இருக்கிற நம்ம மண்டபத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று மதுரை அண்ணனுக்கு நான் விளக்கப் போவதில்லை. மண்டபத்தில் இருந்துகொண்டு பேசக் கூடாது என்றவர் அவர்தானே.

அடுத்த மாதம் அதைப் போடுங்கள் என்று குழுவில் கேட்டிருந்தேன். "அதுல சண்டை கம்மி தம்பி, கூட்டம் வராது" என்று பதில் வந்திருக்கிறது. கடைசி அரை மணி நேரம் முழுக்கச் சண்டைதான் அண்ணே. பார்த்துவிட்டுப் பேசுங்கள்.