யாரைக் கேட்டு அந்த டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புறீங்க?

ஆயில் மாத்தத்தான் வண்டியை விட்டேன். ஆயில் மட்டும். எங்கப்பா ஓட்டின 1978 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சாயங்காலம் எடுக்கப் போனா மெக்கானிக் சொல்றார்: "டைமிங்கையும் லைட்டா ஏத்தி வச்சிருக்கேன் சார், பிக்கப் எப்படி இருக்குன்னு பாருங்க." பகீர்னு ஆயிடுச்சு. டைமிங்னா இன்ஜின்ல ஸ்பார்க் அடிக்கிற நேரம்; ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித்தான் அதை மாத்துவாங்க. ரெண்டு வருஷத்துல இது மூணாவது ஷெட். மூணு இடத்துலயும் இதே கதை!

மறுநாள் சேலத்துல இருந்து ஏற்காடு ஏறினோம். 20 கொண்டை ஊசி வளைவு. மூணாவது வளைவு திரும்பி ஆக்சிலேட்டரை மிதிச்சதும், டப்பாவுக்குள்ள ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம். நாக்கிங். பின் சீட்ல எங்கம்மா, "என்னடா இப்படிக் கத்துது, நிறுத்துடா"ன்னு பதறிட்டாங்க. அந்தச் சத்தம் ஒவ்வொண்ணும் பிஸ்டன் தலையில விழுற அடி. மேல வந்துக்கிட்டிருக்கிற பிஸ்டனை, சீக்கிரமே பத்திக்கிட்ட பெட்ரோல் கீழ தள்ளப் பார்க்குது. இப்படியே ஓட்டினா ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டன்லயே ஓட்டை விழும். அந்தச் செலவை யார் குடுப்பாங்க?

இன்ஜின் ஐடிலிங்ல ஓடும்போது டைமிங்கை அட்வான்ஸ் பண்ணப் பண்ண, அதாவது ஸ்பார்க்கை முன்கூட்டி அடிக்க வைக்க வைக்க, ஆர்பிஎம் ஏறும், சத்தம் இனிமையாகும். அதனால ஷெட்ல நிறுத்தி வச்சுக் காதால கேட்டு வைக்கிறவர் கை தானா அளவுக்கு மேல போயிடும். லோடு ஏறினாத்தான் உண்மை தெரியும். இதுக்கு முந்தின ஷெட்ல நேர்மாறு. நாக்கிங் வரக்கூடாதுன்னு ரிடார்ட் பண்ணி, ஸ்பார்க்கை லேட்டாக்கி விட்டுட்டாங்க. சங்ககிரி போறதுக்குள்ள ரேடியேட்டர் கொதிச்சு ரோட்டோரம் நின்னேன். பெட்ரோல் வேற தண்ணியா குடிச்சுது.

காதால வைக்கிறதே தப்புன்னு நான் சொல்லல. எங்கப்பா காலத்து மேஸ்திரி ஒருத்தர் வண்டியை ரோட்டுக்கு எடுத்துட்டுப் போவார். டாப் கியர்ல 50 கிலோமீட்டர் வேகத்துல சட்டுனு மிதிப்பார். லேசா ஒரு கிணுகிணுப்பு வந்து உடனே அடங்கணும். அடங்கலைன்னா இறங்கி ஒரு துளி திருப்புவார், மறுபடியும் ஓட்டுவார். அந்தக் காதை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ரோட்டுக்கே வராத காதை எப்படி நம்புறது?

அதை விடக் கொடுமை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்குற பாயிண்டைப் பார்க்காமலே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புறது. பாயிண்ட் கேப் 0.014-லிருந்து 0.016 அங்குலத்துக்குள்ள இருக்கணும். பாயிண்டைத் திறந்து விடுற கேமில் உரசுற அந்தச் சின்னக் குதிகால் தேயத் தேய கேப் குறையும், ஸ்பார்க் லேட்டாகும். அப்ப கேப்பைத்தான் சரி பண்ணணும். அதை விட்டுட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஈடுகட்டினா, நாளைக்கு எவராவது கேப்பைச் சரியா வைக்கும்போது டைமிங் எகிறிடும். கேப் அளக்கிற ஃபீலர் கேஜ் எங்கேன்னு கேட்டா ஹாக்சா பிளேடை எடுத்துக் காட்டுறாங்க! டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு டிகிரி நகர்ந்தா, பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டான கிராங்க்ல ரெண்டு டிகிரி. அதை உள்ளங்கையால ஒரு தட்டு தட்டி வைக்கிறாங்க, மனசு எப்படி வருது?

இன்ஜின் உறிஞ்சுற வேகத்தை வச்சு டைமிங்கைத் தானா மாத்துற வேக்குவம் டியூபையும் யாரும் தொடுறதில்ல. கார்ப்ரேட்டர் பக்கம் கழட்டி வாய் வச்சு உறிஞ்சினா உள்ளே பிளேட் அசையணும். என் வண்டியில அசையவே இல்ல, பிளேட்டை இழுக்கிற சவ்வு, டயாஃப்ரம், கிழிஞ்சு எத்தனை நாளாச்சோ. மூணு ஷெட்காரங்கள்ல ஒருத்தர் கண்ணுலயும் படல.

டைமிங் லைட் இல்லையா, பரவாயில்ல. ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு, ரெண்டு ஒயர் போதும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷன்ல வரும்போது, மேனுவல்ல போட்டிருக்கிற டிகிரிக்குப் கிராங்க் புல்லி அடையாளத்தை நிறுத்தணும். பாயிண்டுக்கு வர்ற ஒயர்ல ஒரு முனை, பாடியில ஒரு முனை. இக்னிஷனை ஆன் பண்ணிட்டு டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவா திருப்பினா, பாயிண்ட் திறக்கிற அந்த நொடியில பல்பு எரியும். அங்கேயே டைட் பண்ண வேண்டியதுதான். அடையாளம் கீழ்ப்பக்கம் கிரீஸுக்குள்ள இருக்கு, வண்டிக்கு அடியில இருக்கிற பள்ளத்துக்குள்ள இறங்கித் துடைச்சுப் பார்க்கணும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி எவ்வளவு கேட்டாலும் தர்றேன்னு வாய்விட்டுச் சொல்லியும் செய்ய ஆளில்ல!

நேத்து நானே இறங்கிச் செஞ்சேன். கேப் வச்சேன், டயாஃப்ரம் மாத்தினேன், பல்பு வச்சு டைமிங் பிடிச்சேன். இன்னைக்குக் காலையில ஏற்காடு உச்சி வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. இறங்கி வந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர்லயும் பிளாக்லயும் சேர்த்து வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போட்டிருக்கேன். இனி எந்த ஷெட்ல விட்டாலும் முதல்ல பானெட்டைத் திறந்து அந்தக் கோட்டைப் பார்ப்பேன். நகர்ந்திருந்தா, திருப்பி வைக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.