உச்சிக்கு முன்னால் வரும் காடு வீண் நடை அல்ல

"முதல் இரண்டு நாள் வெறும் காடு, சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம்தான் மலையே ஆரம்பித்தது."

எங்கோ தொலைவில் இருக்கும் மலையை ஏறிவிட்டு வந்து பதிவு போடுகிறவர்கள் எழுதும் இந்த வரியைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. கீழே வண்டி வண்டியாகப் படங்கள் இருக்கும். எல்லாம் பனி, பாறை, உச்சியில் பனிக்கோடாலியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு ஆள். இரண்டு நாள் நடந்த காட்டுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. எனக்கு இதில் ரொம்ப நாளாக மனத்தாங்கல், இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஒலிம்பஸ் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 2,432 மீட்டர்தான். பெரிய சிகரங்களைப் பார்த்தவர்கள் இதெல்லாம் ஒரு மலையா என்பார்கள். ஆனால் வண்டியை நிறுத்துகிற இடம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட இல்லை. அங்கிருந்து ஹோ ஆற்றையொட்டி கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர் நடந்தால்தான் கிளேசியர் மெடோஸ் என்ற முகாம் வரும், அதற்கு மேலேதான் ப்ளூ கிளேசியர் பனியாறு, கயிறு கட்டிக்கொண்டு பனிப்பிளவுகளைத் தாண்டுவது, கடைசியில் உச்சிப் பாறை எல்லாம். அந்த 28 கிலோமீட்டரும் கயிறு, ஹார்னஸ் (கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் பட்டை), கிராம்பான் (பனியில் வழுக்காமல் பூட்ஸில் மாட்டும் முள்), ஹெல்மெட், கூடாரம், கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா என்று மொத்தமும் முதுகில். நாக்குத் தள்ளும்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகக் குனிந்த தலை நிமிராமல், கடன் கட்டுகிற மாதிரி நடந்து முடித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதினால் எப்படி?

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு விழுந்த மரத்தைச் சொல்கிறேன். ஆண்டுக்கு சுமார் 3.5 மீட்டர் மழை பெய்கிற, கோடாலி படாத காடு. நிற்கும்போது எழுபது, எண்பது மீட்டர் வளர்கிற சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் அது, சாய்ந்து கிடக்கும்போதும் என் நெஞ்சு உயரம் இருக்கிறது. மேல்பக்கம் முழுக்கப் பாசி, அந்தப் பாசிக்குள் விரல் நீளத்துக்கு ஹெம்லாக் என்ற இன்னொரு ஊசியிலை மரத்தின் கன்றுகள் வரிசையாக முளைத்திருக்கின்றன. பக்கத்துத் தரையில் அப்படி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தரையில் பெரணியும் பாசியும் அடைத்துக்கொண்டு விதைக்கு இடமும் விடாது, வெளிச்சமும் விடாது. செத்த மரத்தின் முதுகில்தான் போட்டி குறைவு. அங்கே முளைத்த கன்று வளர வளர அதன் வேர் மரத்தின் இரண்டு பக்கமும் இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நூற்றாண்டுகள் கழித்து அடியில் கிடந்த மரம் மக்கி மறைந்துவிடும். அதனால்தான் அந்தப் பாதையில் திடீரென்று நான்கைந்து பிரம்மாண்ட மரங்கள் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நிற்கும், ஒவ்வொன்றின் வேர்க்கால்களுக்கு நடுவிலும் ஒரு பொந்து இருக்கும். யாரும் நட்டு வளர்த்த வரிசை அல்ல. அந்தப் பொந்து, படுத்துக் கிடந்த மரம் இருந்த இடம்.

இதைப் பார்க்க மலையேற்றப் பயிற்சி எதுவும் தேவையில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

ஒலிம்பஸ் மலையைச் சுற்றியிருக்கும் இதே ஒலிம்பிக் மழைக்காட்டில் நளினி நட்கர்ணி என்ற ஆய்வாளர் மேலே ஏறிப் பார்த்தார், அவரும் கயிறு கட்டி ஏறியவர்தான், ஆனால் மரத்தில். கிளைகளில் படர்ந்த பாசி மக்கி மண்ணாகிச் சேர்ந்திருக்க, மேப்பிள் மரம் தன் கிளையிலிருந்தே அந்த மண்ணுக்குள் வேர் விட்டிருப்பதைக் கண்டு 1981இல் எழுதினார். நாம் "வெறும் காடு" என்று கடந்துபோன இடத்தில்தான் இது நடந்திருக்கிறது.

சரி, எனக்கு மரம் செடியில் ஆர்வமில்லை, உச்சிதான் முக்கியம் என்கிறவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. மேலே என்ன நடக்கிறது என்பதைக் காட்டில் நடக்கும்போதே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பனியாற்றுத் தண்ணீர் பாறைத்தூள் கலந்து சாம்பல் வெள்ளையாக ஓடும். காலையில் அடங்கி ஓடுகிற ஓடை பிற்பகலில் இரைச்சலோடு ஏறினால் மேலே பனி வேகமாக உருகுகிறது என்று அர்த்தம், அப்படியென்றால் பிளவுகளின் மேல் மூடியிருக்கும் பனிப்பாலங்களை நம்புவதில் கவனம் வேண்டும், விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். இதெல்லாம் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்களுக்குக் கேட்காது. ஒலிகளைப் பதிவு செய்யும் கார்டன் ஹெம்ப்டன் 2005இல் இந்தப் பள்ளத்தாக்கில்தான் ஒரு பாசி படிந்த மரத்தின் மேல் சின்னச் சிவப்புக் கல்லை வைத்து, இந்த ஒரு சதுர அங்குலத்தில் மனிதச் சத்தம் விழாமல் காப்போம் என்று ஆரம்பித்தார். இரைச்சல் இல்லாத இடத்தைத் தேடி அவர் அங்கே போனார், நாம் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

இப்போது நிஜமான சண்டைக்கு வருகிறேன். "நடை ரொம்ப நீளம், உள்ளே வரைக்கும் ரோடு போட்டால் என்ன?" என்று ஒரு கூட்டம். "ட்ராக் ஃபைல் (ஜிபிஎஸ்ஸில் பதிவான வழித்தடம்) அனுப்புங்க, குறுக்கே போயிடறோம்" என்று இன்னொரு கூட்டம். அப்படி ஆளாளுக்குக் குறுக்கே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். கலிபோர்னியாவில் ஹைபீரியன் என்ற ரெட்வுட் மரம் இருக்கிறது, அளந்ததிலேயே உலகின் மிக உயரமான மரம், சுமார் 116 மீட்டர். 2006இல் கண்டுபிடித்தார்கள், இடத்தை வெளியில் சொல்லவில்லை. இணையத்தில் கசிந்தது. பாதையே இல்லாத காட்டில் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் புதரை மிதித்துக்கொண்டு போனார்கள். மரத்தடி மண் இறுகி, பெரணி வளராத கட்டாந்தரை ஆகிவிட்டது, சுற்றிலும் குப்பையும் மலமும். 2022இல் பூங்கா நிர்வாகம் அந்த இடத்தையே மூடி, மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று அறிவித்தது. அத்தனைக்கும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அதன் உச்சி தெரியக்கூடத் தெரியாதாம்!

"நேரமும் உடம்பில் தெம்பும் இருக்கிறவன் பேசுகிற பேச்சு இது" என்று யாராவது திட்டுவீர்கள், நியாயம்தான். ஆனால் ஹோவில் வண்டியை நிறுத்துகிற இடத்திலிருந்தே ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது, குழந்தைகளும் வயதானவர்களும் அதே மரங்களை, அதே பாசியைப் பார்த்துவிட்டு வரலாம். அந்த மாதிரிப் பாதைகள் இன்னும் வரட்டும், கைப்பிடியோடு, சக்கர நாற்காலி போகிற மாதிரி. நான் எதிர்ப்பது உச்சியை எட்டுவதற்காகவே காட்டின் நடுவில் கத்தி வைப்பதை. அந்த 28 கிலோமீட்டர் இல்லாவிட்டால் மேலே இருக்கிற முகாம் சந்தைக்கடை ஆகிவிடும், அப்புறம் அதற்கும் ஒரு கூட்டம் வந்து ஒரே நெரிசல் என்று புலம்பும்.

அதனால் என்னிடம் ட்ராக் ஃபைல் கேட்டு உள்பெட்டியில் வருகிறவர்களுக்கு: தரப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். பெர்மிட், கரடி டப்பா, கிராம்பான், எந்த மாதத்தில் போகலாம், பையில் எதைக் குறைக்கலாம் என்று எதை வேண்டுமானாலும் கேளுங்கள், இரவு உட்கார்ந்து பதில் போடுகிறேன். திட்டம் போடும்போது காட்டுக்கென்று ஒரு நாள் கூடுதலாகச் சேர்த்திருந்தால் பதில் சீக்கிரமே வரும்.