குளிர் ஊருக்கு ஹீட் சிங்க் வேண்டாமாம்!

ஹட்டன் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கோவிலின் மார்கழி பஜனைக்காக லயத்தார் எல்லோரும் காசு சேர்த்து வாங்கிய "12 வோல்ட், 10 அம்பியர்" பவர் சப்ளை, மூன்றாம் நாள் விடியற்காலையில் உயிரை விட்டதோடு நில்லாமல், அம்ப்ளிஃபையரையும் கருக்கிவிட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. உள்ளே வோல்ட்டை 12இல் நிறுத்தும் 7812 என்ற சில்லு ஒன்று, அதற்குத் துணையாக எம்ஜே2955 என்ற ஒரேயொரு திரான்சிஸ்டர், அதன் அடியில் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்காக உள்ளங்கை அளவில் ஓர் அலுமினியத் தகடு, அவ்வளவுதான். விற்றவரிடம் கேட்டால், "நம்ம ஊரு குளிருக்குப் பெரிய ஹீட் சிங்க் எதுக்குத் தம்பி?" என்கிறார்.

சுற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 7812 தனியாக ஓர் அம்பியர் அளவுதான் தாங்கும். அதற்குப் போகும் வழியில் 3 ஓம் தடையி ஒன்றை வைத்தால், ஏறத்தாழ 0.23 அம்பியர் ஓடும்போது அதன் குறுக்கே 0.7 வோல்ட் எழும். உடனே திரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு மிச்சச் சுமையைத் தன் வழியே விடும். வோல்ட் அளவைக் காப்பது 7812, சுமையைத் தூக்குவது திரான்சிஸ்டர். ஆனால் தூக்குகிறவனுக்குத்தானே வியர்க்கும்?

உள்ளே வருவது 18 வோல்ட், வெளியே போவது 12. திரான்சிஸ்டர் வழியே 7 அம்பியர் ஓடினால், மிஞ்சும் 6 வோல்ட்டும் 42 வாட் சூடாக அதன் தலையில்தான் இறங்கும். அந்தத் தகட்டில் ஒரு வாட் சூட்டுக்கு 4 பாகை செல்சியஸ் ஏறும் என்று தாராளமாகவே மதிப்பிட்டாலும் 168 பாகை ஏறும். திரான்சிஸ்டரின் உள்ளே வாட்டுக்கு 1.52 பாகை வீதம் இன்னும் 64. எங்கள் விடியற்காலைக் குளிரை 15 பாகை என்று கூட்டினால் 247 வருகிறது. திரான்சிஸ்டர் தாங்குவதோ 200. கொழும்பு வெக்கையோடு ஒப்பிட்டால் இந்தக் குளிர் மிச்சப்படுத்தித் தருவது வெறும் 15 பாகை! வாட்டுக்கு ஒரு பாகை ஏறும் பெரிய தகட்டைப் போட்டிருந்தால் 121 பாகையோடு போயிருக்கும். (திரான்சிஸ்டருக்கும் தகட்டுக்கும் இடையே வைக்கும் மைக்காத் தாளுக்குச் சில பாகை சேரும், அது கிடக்கட்டும்.)

இதைவிடக் கொடுமை, 7812க்குள் இருக்கும் சூட்டுப் பாதுகாப்பு வெளியே நிற்கும் திரான்சிஸ்டரைக் கவனிக்காது என்பதுதான். திரான்சிஸ்டர் வெந்து, சுமை ஓடும் அதன் இரு முனைகளான கலெக்டரும் எமிட்டரும் ஒட்டிக்கொண்டதும் 18 வோல்ட்டும் தடையின்றி அம்ப்ளிஃபையருக்குள் பாய்ந்துவிட்டது. அதைத் தடுத்து ஃபியூஸை எரியவைக்க தைரிஸ்டர் என்ற மின் சுவிட்ச் ஒன்றுகூட அந்தப் பெட்டியில் இல்லை.

"அப்படியென்றால் இன்னொரு திரான்சிஸ்டரைப் பக்கத்தில் போட்டுத் தருகிறேன்" என்று விற்றவர் இப்போது சமாதானம் பேசுகிறார். எமிட்டருக்கு ஒன்றாக 0.1 ஓம் தடையி போடுவீர்களா என்று கேட்டேன், அதெல்லாம் தேவையில்லையாம். தடையி இல்லாவிட்டால் சற்றே சூடானது கூடுதல் அம்பியரை இழுத்து, அதனால் மேலும் சூடாகி, கடைசியில் முழுச் சுமையையும் தானே ஏற்று வெந்துபோகும் என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த வாடிக்கையாளருக்கு அலுமாரியிலிருந்து அதே பெட்டியில் இன்னொன்றை எடுத்துக் காட்டத் தொடங்கிவிட்டார்.