பள்ளியில் ‘லா மேஜர்’ எடுத்தால்தான் வக்கீல் ஆகலாமா?

நியூயார்க் நகரின் சில உயர்நிலைப் பள்ளிகளில் ‘லா மேஜர்’, அதாவது சட்டத்தைச் சிறப்புப் பாடப்பிரிவாக எடுக்கலாம். இதுபற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘லா மேஜர் எடுத்த மாணவருக்குக் கணிதமும் அறிவியலும் குறைவு, எடுக்காதவருக்குப் பின்னாளில் லா ஸ்கூலில் இடமில்லை.’ இரண்டுமே தவறு.

அங்கே பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழான ரீஜென்ட்ஸ் டிப்ளமோவுக்கு 44 கிரெடிட் (பாடங்களை முடித்தால் சேரும் புள்ளி) வேண்டும். ஆங்கிலம் 8, சமூக அறிவியல் 8, கணிதம் 6, அறிவியல் 6, வேற்று மொழி 2, கலை 2, உடற்கல்வி 4, சுகாதாரம் 1. மீதி 7 தான் விருப்பப் பாடம். மேஜரின் சட்டப் பாடங்கள் பெரும்பாலும் இந்த ஏழுக்குள் அடங்கும், இல்லாவிட்டால் 44க்கு மேல் கூடுதலாக வரும். கணிதத்தில் ஒரு கிரெடிட்கூட இதனால் குறையாது.

பலர் சறுக்குவது சமூக அறிவியலில். அந்த 8இல் உலக வரலாறு 4, அமெரிக்க வரலாறு 2, அரசாங்கம் 1, பொருளாதாரம் 1. அரசியலமைப்புச் சட்டம் படித்தாயிற்றே, அரசாங்கப் பாடம் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். தலைப்பு ஒத்திருந்தால் போதாது. டிரான்ஸ்கிரிப்டில், அதாவது பள்ளியின் பாட, மதிப்பெண் பதிவேட்டில், அது எந்த வகைக் கிரெடிட்டாகப் பதிவாகியிருக்கிறது என்பதே கணக்கு. பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே பள்ளியின் கல்வி ஆலோசகரோடு (கவுன்சிலர்) உட்கார்ந்து வரிவரியாகச் சரிபாருங்கள்.

லா ஸ்கூல் விஷயம் எளிது. அங்கே கேட்பது பொதுவாக இளநிலைப் பட்டமும் எல்சாட் (லா ஸ்கூல் நுழைவுத் தேர்வு) போன்ற தேர்வு மதிப்பெண்ணும். பட்டப்படிப்பிலேயே இந்த மேஜர்தான் வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் சொல்வதில்லை. பள்ளி மேஜரை யார் கேட்கப் போகிறார்கள்?